தானியங்கு பயனர் இடைமுகச் சோதனையும் திரைப்பிடிப்புச் சோதனையும்

தானியங்கு பயனர் இடைமுகச் சோதனை என்பது, ஒரு மனிதர் இணையதளத்தையோ செயலியையோ பயன்படுத்துவது போலவே ஒரு நிரலைக் கொண்டு பொத்தான்களை அழுத்தி, படிவங்களை நிரப்பி, எதிர்பார்த்த விளைவு திரையில் கிடைக்கிறதா என்று சரிபார்க்கும் முறையாகும். இதன் ஒரு வகையே திரைப்பிடிப்புச் சோதனை. இதில் திரையின் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டு, முன்பே சரியென ஏற்கப்பட்ட ஒரு படத்துடன் ஒப்பிடப்படுகிறது. அந்த முந்தைய படம் அடிப்படைப் படம் எனப்படும். இரண்டும் வேறுபட்டால் சோதனை தோல்வி அடையும்.

முதல் வகை 'வேலை செய்கிறதா' என்று கேட்கிறது. இரண்டாம் வகை 'முன்பு இருந்ததைப் போலவே தோன்றுகிறதா' என்று கேட்கிறது. திரை மாறிவிட்டது என்பதை மட்டுமே திரைப்பிடிப்புச் சோதனையால் சொல்ல முடியும். அந்த மாற்றம் பிழையா, விரும்பிச் செய்ததா என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும். இந்த முறையின் பயனும் பலவீனமும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

வரலாறு

வலைச் செயலிகளுக்கான கருவிகளில் பரவலாக அறியப்பட்டது செலினியம். தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் 2004 ஆம் ஆண்டு, அந்நிறுவனத்தின் உள் பயன்பாட்டுச் செயலி ஒன்றைச் சோதிப்பதற்காக இதை உருவாக்கினார். அக்காலத்தில் இத்துறையில் இருந்த மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தை வேடிக்கையாகக் குறித்தே இப்பெயர் வந்தது. மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நச்சுக்குச் செலினியம் மாற்று என்பது அந்த நகைச்சுவையின் பொருள்.

பின்னர் சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் செலினியத்துடன் இணைந்தது. உலாவியை வெளியிலிருந்து இயக்கும் இந்த முறையை டபிள்யூ3சி அமைப்பு 2018 சூன் மாதத்தில் அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றது. கூகுளின் பப்படியர் 2017 ஆம் ஆண்டிலும், மைக்ரோசாப்ட்டின் பிளேரைட் 2020 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. கைப்பேசிச் செயலிகளுக்கு ஆண்ட்ராய்டில் எஸ்பிரசோவும், ஆப்பிள் இயங்குதளத்தில் எக்ஸ்கோடுடன் வரும் எக்ஸ்சிடெஸ்ட்டும் பயன்படுகின்றன. திரைப்பிடிப்பு ஒப்பீடு பிளேரைட்டில் உள்ளமைந்த வசதியாக இருப்பதால், கீழே அது எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

எதைச் சோதிப்பது

இடைமுகச் சோதனைகள் மெதுவானவை. உலாவியைத் திறந்து, பக்கத்தை ஏற்றி, ஒவ்வொரு செயலுக்கும் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரு தனிச் செயற்கூறைச் சோதிப்பதைவிடப் பன்மடங்கு நேரம் ஆகும். மைக் கோன் 2009 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கிய 'சோதனைப் பிரமிடு' இதையே வலியுறுத்துகிறது. அடித்தளத்தில் சிறிய, வேகமான சோதனைகள் நிறைய இருக்க வேண்டும். உச்சியில் இடைமுகச் சோதனைகள் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே உள்நுழைவு, பதிவு, பணம் செலுத்துதல் போன்ற, பழுதானால் பயனர் நேரடியாகப் பாதிக்கப்படும் வழிகளை முதலில் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

உறுப்பைக் கண்டறிதலும் காத்திருத்தலும்

சோதனை நிரல் திரையில் உள்ள பொத்தானை முதலில் கண்டறிய வேண்டும். 'மூன்றாவது பெட்டியின் உள்ளே இரண்டாவது பொத்தான்' என்று எழுதினால், பக்க அமைப்பு சற்று மாறினாலும் சோதனை முறியும். 'சமர்ப்பி என்ற பெயருடைய பொத்தான்' என்று பயனர் பார்க்கும் பெயரைக் கொண்டு தேடுவது நிலையானது. பெயரற்ற பொத்தானைத் திரைவாசிப்பானும் சரியாக அறிவிக்க இயலாது என்பதால், இம்முறை பார்வைக் குறைபாடு உடையோருக்கான அணுகல்தன்மைக் குறைகளையும் சில வேளை வெளிக்கொணரும்.

அடுத்த சிக்கல் நேரம். 'மூன்று நொடி காத்திரு' என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் தவறு. சேவையகம் மெதுவானால் மூன்று நொடி போதாது. வேகமாக இருந்தால் அது வீண். குறிப்பிட்ட நிலை ஏற்படும் வரை காத்திருப்பதே சரியான முறை. பிளேரைட் ஒரு பொத்தானை அழுத்துமுன் அது தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் உள்ளதா என்று தானே பார்க்கிறது. விளைவைச் சரிபார்க்கும்போது இயல்பாக 5 நொடி வரை திரும்பத் திரும்ப முயல்கிறது.

அடிப்படைப் படம் உருவாகும் விதம்

திரைப்பிடிப்புச் சோதனை முதன்முறை ஓடும்போது ஒப்பிட எதுவும் இருக்காது. பிளேரைட் அப்போது ஒரு படத்தை எழுதிவைத்து, அந்த ஓட்டத்தைத் தோல்வியாகவே காட்டும். நிரலாளர் அப்படத்தைப் பார்த்து ஏற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஏற்ற படம் மூல நிரலுடன் களஞ்சியத்தில் சேர்க்கப்படும். பின்னர் வேறுபாடு தோன்றினால் எதிர்பார்த்த படம், இப்போது கிடைத்த படம், இரண்டின் வேறுபாட்டையும் நிறமிட்டுக் காட்டும் படம் என மூன்று படங்கள் கிடைக்கும்.

மாறும் தகவல்களை முதலில் நிலைநிறுத்த வேண்டும். இன்றைய தேதி, விளம்பரம், சுழலும் படம் ஆகியவை ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். சோதனைக்கென மாறாத தரவைக் கொடுப்பது, கடிகாரத்தை ஒரே நேரத்தில் நிறுத்துவது, கட்டுப்படுத்த முடியாத பகுதியை மறைப்பது ஆகியவை வழிகள். அசைவூட்டங்களை நிறுத்துவதையும், எழுத்துப் பெட்டியில் சிமிட்டும் குறியை மறைப்பதையும் பிளேரைட் தானே செய்கிறது.

இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்தை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவை எழுத்தின் விளிம்புகளில் நுண்ணிய வேறுபாட்டுடன் வரைகின்றன. இதனால்தான் பிளேரைட் அடிப்படைப் படத்தின் பெயரிலேயே உலாவியையும் இயங்குதளத்தையும் சேர்க்கிறது. நிரலாளரின் கணினியிலும் சேவையகத்திலும் ஒரே டாக்கர் கொள்கலனுக்குள் சோதனையை ஓட்டுவது பொதுவான தீர்வாகும்.

எவ்வளவு வேறுபாட்டைப் பொறுப்பது

சிறு வேறுபாடுகளைத் தவிர்க்கப் பொறுப்பு வரம்பு வைக்கலாம். ஆனால் அதைக் கணக்கிட்டே வைக்க வேண்டும். பிளேரைட்டின் இயல்பான திரை அளவு 1280 × 720. இதில் 9,21,600 படப்புள்ளிகள் உள்ளன. 'ஒரு விழுக்காடு வேறுபடலாம்' என்று அனுமதித்தால் 9,216 புள்ளிகள் மாறினாலும் சோதனை வெற்றி பெறும். 100 × 40 அளவுள்ள ஒரு பொத்தானில் இருப்பவை 4,000 புள்ளிகளே. அதாவது, மற்றவை இடம் மாறாத நிலையில், 'பணம் செலுத்து' என்ற பொத்தான் முழுவதும் காணாமல் போனாலும் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

இதற்கு நேர்மாறாக, பக்கத்தின் மேலே ஒரு வரி புதிதாகச் சேர்ந்தால், கீழுள்ள அனைத்தும் இறங்கி, ஏறக்குறைய முழுப் பக்கமும் மாறியதாகக் காட்டப்படும். முழுப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு படிவம், ஒரு பட்டியல் என்று பகுதி பகுதியாகப் படம் எடுத்தால் இவ்விரு சிக்கல்களும் குறையும்.

தமிழ் இடைமுகங்களில்

தமிழில் உள்ள செயலிகளுக்குத் திரைப்பிடிப்புச் சோதனை கூடுதலாகப் பயன்படுகிறது. 'கொ' என்ற எழுத்து கணினியில் ககரமும் அதைத் தொடர்ந்து ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறியின் ஒரு பகுதி ககரத்தின் முன்னும் மற்றொன்று பின்னும் வர வேண்டும். எழுத்துருவோ வரையும் மென்பொருளோ பழுதானால் திரையில் எழுத்து சிதையும். ஆனால் சேமித்த உரை சரியாகவே இருப்பதால், உரையை மட்டும் ஒப்பிடும் சோதனை வெற்றி பெற்றுவிடும். படத்தை ஒப்பிடும் சோதனையே இதைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் சொல் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும்போது பொத்தானுக்கு வெளியே வழிவதும் இவ்வாறே தெரியவரும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. தமிழ் எழுத்துரு நிறுவப்படாத சேவையகத்தில் எல்லாத் தமிழ் எழுத்துகளும் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். அடிப்படைப் படம் அங்கே எடுக்கப்பட்டு, யாரும் பார்க்காமல் ஏற்கப்பட்டால், அந்தக் கட்டங்களே 'சரியான' தோற்றமாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சோதனை பச்சை நிறத்தில் வெற்றி காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை முதலில் நிறுவிய பின்பே அடிப்படைப் படங்களை எடுக்க வேண்டும்.

நடைமுறையில் பேணுதல்

சோதனைகள் ஒவ்வொரு நிரல் மாற்றத்தின்போதும் சேவையகத்தில் தானாக ஓடுமாறு அமைக்கப்படுகின்றன. நிரல் மாறாதபோதே ஒருமுறை வென்று மறுமுறை தோற்கும் சோதனை நிலையற்ற சோதனை எனப்படும். இது குழுவின் நம்பிக்கையைக் கெடுக்கும். 'அது எப்போதும் அப்படித்தான், மறுபடி ஓட்டு' என்ற பழக்கம் வந்துவிட்டால், உண்மையான பிழை காட்டும் சிவப்பு நிறத்தையும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். எனவே அத்தகைய சோதனையின் காரணத்தைக் கண்டு திருத்த வேண்டும். உடனே முடியாவிட்டால் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

அடிப்படைப் படங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வசதி உள்ளது. தோற்றத்தை விரும்பி மாற்றியபோது இது தேவை. படங்களைப் பார்க்காமல் பயன்படுத்தினால், பிழையும் அடிப்படைப் படமாகிவிடும். இதைத் தவிர்க்க, நிரல் மாற்றத்தை மற்றொருவர் மதிப்பாய்வு செய்யும்போது, மாறிய படங்களையும் பழையதும் புதியதுமாக அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல நடைமுறையாகும். படங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் இதைப் பொறுமையாகச் செய்ய முடியும். ஒருவரும் திறந்து பார்க்காத நூறு படங்களைவிட, ஒவ்வொரு மாற்றத்திலும் கவனமாகப் பார்க்கப்படும் பத்துப் படங்கள் அதிகப் பாதுகாப்பைத் தரும்.