மீந்த துணியில் பச்சைக் குழந்தைக்கு ஜபலா.. கழுத்தில் நாடா வைக்கலாமா?

பிளவுஸ் தைத்தது போக மிச்சம், ஓரம் மட்டும் கிழிந்த பழைய காட்டன் வேட்டி.. எல்லா வீட்டு பீரோவிலும் இப்படி ஏதாவது கிடக்கும். அதில் 22 அங்குல அகலம், 13 அங்குல நீளம் தேறினால் போதும், பிறந்த குழந்தைக்கு ஒரு ஜபலா தைத்துவிடலாம். தையல் ரொம்ப சுலபம். கவனம் வேண்டியது துணியிலும் நாடாவிலும்தான்.

துணி காட்டன்தானா?

ஓரத்தில் ஒரு நூலை உருவி, தட்டில் வைத்து கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகி, ஆறியதும் மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர் கலந்தது. வியர்வையை சரியாக உறிஞ்சாது, வேண்டாம். ஜரிகை இருந்தால் அந்தப் பகுதியை தவிர்த்துவிடுங்கள். புதுத் துணியை அலசி காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். கஞ்சியும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

வெட்டுவது எப்படி?

அகலவாக்கில் இரண்டு பக்கமும் 6 அங்குலம் உள்ளே மடியுங்கள். நடுவில் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதுதான் திறப்பு. மேலே நடுவில் 4 அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழத்தில் கழுத்து. மடிப்பு ஓரங்களில் மேலிருந்து மூன்றரை அங்குலத்துக்கு, 1 அங்குலம் உள்வாங்கி கைக்குழி. தோள் இரண்டையும் இணைத்து, ஓரங்களை மடித்து அடித்தால் முடிந்தது. பக்கத் தையலே கிடையாது.

உள்ளே தொங்கும் நூல்களை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். பிள்ளை ஏன் அழுகிறது என்றே யாருக்கும் புரியாது.

நாடா எங்கே?

நம் வீடுகளில் கழுத்தில்தான் வைப்பது வழக்கம். ஆனால் எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பிய பாதுகாப்புத் தரநிலையான இ.என். 14682, சிறு குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது. அதனால் நெஞ்சு மட்டத்தில், முடிச்சு போட மட்டும் போதுமான நீளத்தில் ஒரு ஜோடி வையுங்கள். ஊக்கு, பட்டன் எதுவும் வேண்டாம்.

கழுத்து இரண்டு பக்கமும் ஒரே ஆழம் என்பதால் ஜபலாவை திருப்பியும் போடலாம். தொப்புள்கொடி விழும்வரை திறப்பு முன்பக்கம் இருக்கட்டும். மல்லாக்கப் படுக்கும்போது முடிச்சும் முதுகில் உறுத்தாது. ஆறு மாதத்தில் சோறு ஊட்டத் தொடங்கும்போது, அளவு பத்தாமல் போன அதே ஜபலாவை சட்டைக்கு மேல் முன்பக்கமாக மாட்டிவிடலாம், பருப்பு சாதம் சட்டையில் சிந்தாது.