எங்கள் வளவில் நின்ற லாண்ட் றோவர்

எங்கள் பக்கத்தில் உயரமான சில்லுகளோடு வரும் எந்த வாகனத்தையும் ‘ஜீப்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் வளவில் நின்றதற்கும் அதே பெயர்தான். உண்மையில் அது லாண்ட் றோவர். 1960களில் செய்த ‘சீரிஸ் 2ஏ’ வகை. 1989 இல் ஏலத்தில் போன பழைய வாகனம் ஒன்றை என் கணவர் மலிவாக எடுத்து வந்தார். கணவரின் நினைவாக ஒரு சைக்கிளையோ தையல் இயந்திரத்தையோ வைத்திருக்கும் சகோதரிகள் பலர் இதை வாசிப்பீர்கள். எனக்கு மிஞ்சியது இந்த வாகனம்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலாவது லாண்ட் றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடங்கள்கூட ஆகாத காலம். இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். போரின் பின் கையில் இருந்ததைக் கொண்டு செய்த வண்டி என்று அறிந்தபோது, அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது.

1996 இல் கிளிநொச்சியை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது, நான்கு குடும்பங்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு அது மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் ஷெல் வீச்சில் கணவர் இறந்துபோனார். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. வாகனம் பாலை மரத்தின் கீழ் ஒன்றரை வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஆசனத்தின் பின்னால் கோழி முட்டையிட்டது. சூடேறிய முன்மூடியில் அம்மா மிளகாய் காயப்போட்டா.

“இதை வித்துப்போட்டு ரெண்டு பசு வாங்கு பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை இதை வைச்சு என்ன செய்யிறது?” என்று மாமா சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வாங்க வந்தவர்கள் பழைய இரும்பின் விலைக்குத்தான் கேட்டார்கள். ஓடுகிற வாகனத்தின் பெறுமதி வேறு, ஓடாததன் பெறுமதி வேறு. அந்த வித்தியாசம் என் பிள்ளைகளின் இரண்டு வருடச் சாப்பாடு. ஓடவைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

இரண்டு வளவு தள்ளி, 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வயோதிப மெக்கானிக் ஒருவர் கொட்டில் போட்டிருந்தார். பார்வை மங்கியிருந்தது, கையும் நடுங்கும். “என்ரை கண் போட்டுது பிள்ளை. நீ உன்ரை கண்ணையும் கையையும் தந்தால், நான் வாயைத் தாறன்” என்றார். அப்படித்தான் வேலை தொடங்கியது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, அந்தத் துவாரங்களுக்குள் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றினோம். பின்னர் வாகனத்தை மேல் கியரில் போட்டு, பின்னேரங்களில் பிள்ளைகளும் அயலவர்களும் முன்னும் பின்னுமாகத் தள்ளுவார்கள். ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. அன்று எங்கள் வீட்டில் பாயாசம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பழகினேன். பொறி எந்த ஒழுங்கில் போகவேண்டும் என்பதை, 1 - 3 - 4 - 2 என்று குசினிச் சுவரில் கரியால் எழுதிவைத்தேன். பிள்ளைகள் அதை வாய்ப்பாடுபோலச் சொல்வார்கள். பொயின்ற் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. அதற்குரிய மெல்லிய தகட்டை ஐயா தன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஒயில் கசியும் இடங்களுக்குக் கடுதாசி மட்டையை அளவாக வெட்டி, ஒயில் பூசிப் பொருத்தினோம். பிறேக் றப்பர்களைக் கைவிடப்பட்டுக் கிடந்த இன்னொரு லாண்ட் றோவரிலிருந்து தேடி எடுத்தோம். அலுமினிய உடல் துருப்பிடிக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் சேஸி உருக்கு. அது உள்ளிருந்தே உக்கும். உக்கிய இடங்களை ஒட்டுவித்து, பழைய எஞ்சின் ஒயிலைப் பூசினேன்.

அப்போது பொருளாதாரத் தடைக் காலம். 1990 இலிருந்து பெற்றோலும் பற்றறியும் எங்களுக்கு அரிய பொருள்களாகியிருந்தன. பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டுவது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சிறிய போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோல் கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். எங்கள் பற்றறி பொறிக்குப் போதும், ஸ்ராட்டரைச் சுற்ற வலுவில்லை. முன்னால் கம்பியைக் கொடுத்துக் கையால்தான் சுற்றினேன். “பெருவிரலை மற்ற விரல்களோடை ஒரே பக்கம் வை. கீழை அமத்தாதை, மேலை இழு” என்று ஐயா ஒவ்வொரு முறையும் சொல்வார். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறிந்துவிடும்.

1998 செப்ரெம்பரில் ஒரு காலை அது இருமி, கரும்புகை கக்கி, ஓடத் தொடங்கியது. அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தா. ஐயா பேசாமல் எஞ்சினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அறுவடை முடிந்த வயலில் ஓட்டப் பழகினேன். முதலாம், இரண்டாம் கியர்களுக்குக் கிளச்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும், இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும். பக்கத்தில் இரண்டு சிறிய தடிகள். மஞ்சள் குமிழை அமத்தினால் நான்கு சில்லுகளும் இழுக்கும். சிவப்புக் குமிழ் மெதுவான, வலுக்கூடிய கியருக்கு. மாரியில் லான்ட் மாஸ்டரே புதையும் பாதையில், சிவப்புக் குமிழோடு என் வண்டி ஆமைபோல ஊர்ந்து கரையேறும். கூரை ஒழுகும். மழை பெய்தால் பிள்ளைகள் உள்ளே குடை பிடிப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

நெல் மூட்டை, கல், மணல், சந்தைச் சாமான் என்று ஏற்றினேன். கூலி பெரிதில்லை, ஆனால் அடுப்பு எரிந்தது. அந்த வருட மார்கழியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடியிருந்த இரவில், அயல் வீட்டுத் தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்தது. விசிறி தண்ணீரை வாரி எஞ்சினில் அடிக்காமல் இருக்க, அதன் பட்டியைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினேன். மறுகரையில் பட்டியை மாட்டிக்கொண்டு மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடியப் பெண் பிள்ளை பிறந்தது. அதன்பிறகு “பொம்பிளைக்கு ஏன் ஜீப்” என்று யாரும் கேட்கவில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம் அது. கடதாசியில் எழுதிவந்த பட்டியலைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். “மெக்கானிக் அனுப்பினாரா?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். அவர் கதிரை எடுத்துப் போட்டார். அந்த வருடம் அதற்கு இளம்பச்சை நிறம் அடித்தோம். ஐயா அதைப் பார்த்துவிட்டு, 2003 இல் காலமானார்.

2008 இல் மறுபடியும் இடப்பெயர்வு. பல இடம் மாறி மாறி, 2009 தொடக்கத்தில் எண்ணெய் முடிந்த இடத்தில் அதை விட்டுவிட்டு நடந்தோம். பிள்ளைகள் இருவரும் என்னோடு உயிருடன் வந்தார்கள். அதைவிட வேறென்ன வேண்டும்? 2011 இல் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அலுமினியத்தை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். சேஸி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

வாகனம் போனது, படித்தது போகவில்லை. மீள்குடியேறிய பின் ஊரில் தண்ணீர்ப் பம்புகள் பழுதாகிக் கிடந்தன. அதே பிளக், அதே காபரேற்றர், அதே பொறி. ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன், பிறகு பத்து வந்தது. அந்த உழைப்பில்தான் மகள் ஆசிரியர் கல்லூரிக்குப் போனாள். இப்போது என்னிடம் இரண்டு பெண் பிள்ளைகள் வேலை பழகுகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் ஓடாத பம்போ உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ கிடக்கலாம். இரும்பு விலைக்குக் கொடுக்க முன்னர் மூன்றைப் பாருங்கள். எஞ்சின் கையால் சுற்றுகிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? எண்ணெய் காபரேற்றர்வரை இறங்குகிறதா? இவை மூன்றும் சரியென்றால் அதில் இன்னும் உயிர் உண்டு. இல்லையென்றாலும், எது பழுது என்று தெரிந்தவளிடம் விலை பேசுபவர் யோசித்துத்தான் பேசுவார். நட்டுகளை எந்த ஒழுங்கில் கழற்றினீர்களோ அந்த ஒழுங்கிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். மனிதக் கை பூட்டியதை உங்கள் கையாலும் கழற்றிப் பூட்டலாம்.