சக்கரத்தில் சாயம் நிலைப்பதற்கு வழி

தீபாவளிக்கு முன் வேனின் இரும்புச் சக்கரங்களுக்குப் புதுச் சாயம் பூசுகிறோம். தைப்பூசம் வருவதற்குள் அது கொப்புளித்து உரிந்து, அடியிலிருந்து துரு தலைகாட்டுகிறது. மட்டமான சாயத்தை விற்றுவிட்டார் என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். பெரும்பாலும் குற்றம் சாயத்தினுடையதன்று. அதன் அடியில் நாம் விட்டுவைத்த துருவினுடையது.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். பேராக்கில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதனுடன், பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும், உர மூட்டைகளிலிருந்து சிந்தும் உப்புகளும் தோட்டத்து வாகனங்களின் சக்கரங்களில் படிந்து இரும்பை அரிக்கின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே, சாயத்தின் அடியில் அது வளரும்பொழுது மேலுள்ள சாயத்தை நெம்பித் தள்ளிவிடுகிறது.

1985ஆம் ஆண்டில் உலகச் சந்தை வீழ்ச்சியுறும் வரை, கிந்தா பள்ளத்தாக்கின் பெருஞ்செல்வமாக விளங்கியது ஈயம் என்று நாம் அழைக்கும் வெள்ளீயம். உணவு டின்களின் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்காமல் காப்பதற்கு அது பூசப்படுகிறது. அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் அவ்விடத்தில் துரு பிடித்துவிடும். சாயமும் அவ்வாறே. பூச்சு முழுமையாக இருக்கும் வரைதான் காவல்.

செய்யும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், வாகனத்தை உறுதியான தாங்கியின் மேல் அமர்த்திய பின்னரே சக்கரத்தைக் கழற்றவேண்டும். பூட்டு வளையம் கொண்ட லோரிச் சக்கரங்களை வீட்டில் பிரிக்கவே கூடாது. காற்றழுத்தத்தால் வளையம் தெறித்து உயிரைப் பறிக்கக்கூடும். அவ்வேலை பட்டறைக்கு உரியது.

முதலில் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவேண்டும். பிசுக்கு போகுமுன் தேய்த்தால் அது இரும்பிலேயே ஊறிவிடும். அடுத்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்கி, பழைய சாயத்தின் விளிம்புகளை வழவழப்பாக்கவேண்டும். பழைய சாயத்தில் காரீயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் முகமூடி அணிந்து, நீர் தொட்டுத் தேய்ப்பது நலம். குழந்தைகளை அருகில் விடலாகாது.

இப்பொழுது சக்கரத்தைக் கூர்ந்து நோக்குங்கள். நட்டுத் துளையைச் சுற்றி வெடிப்போ, துளை நீண்டிருப்பதோ தெரிந்தால் அதைக் கழித்துவிடவேண்டும். சாயம் குறையை மறைக்கும், தீர்க்காது.

வெட்டில்லாத ஒரு நாளில், பனி ஈரம் உலர்ந்த 10 மணிக்குமேல், மாலை மழைக்கு முன் பூசி முடிக்கத் திட்டமிடுங்கள். தேய்த்த இரும்பு நமது ஈரக் காற்றில் விரைவில் மீண்டும் துருப்பிடிக்கும். அன்றைக்கே துருத்தடுப்பு அடிச்சாயம் பூசியாகவேண்டும். காற்றோட்டமான நிழலில், நெருப்போ சிகரெட்டோ அருகில் இல்லாமல் பூசுங்கள். அடிச்சாயம் இருமுறை, மேற்சாயம் இருமுறை, ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கவேண்டும். தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து, உள்ளே தின்னர் அடைபட்டு, பூச்சு மென்மையாகவே நிற்கும். இடைவெளி எவ்வளவு என்பதை டப்பாவில் உள்ளபடி பின்பற்றுங்கள்.

மறக்கக்கூடாத ஒன்று

நட்டு அமரும் குழிவுகளிலும், சக்கரம் ஹப்புடன் ஒட்டும் முகத்திலும் சாயம் படியாதவாறு நாடா ஒட்டி மறைக்கவேண்டும். அங்கே படிந்த சாயம் ஓட்டத்தில் நசுங்கும்; நட்டு தளரும்; சக்கரமே கழன்றுவிடலாம். மீண்டும் பூட்டும்பொழுது நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சரிபாருங்கள்.

ஒரு வாரம் சக்கரத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அதன்பின், அமிலமோ உரமோ ஏற்றிய நாள்களில் தவறாமல் நீரூற்றிக் கழுவுங்கள். கல்பட்டு உரிந்த இடத்தை அந்த வாரமே தேய்த்துப் பூசிவிடுங்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்றனர் முன்னோர். ஒரு நாள் வேலையில் முக்கால் பங்கைச் சுத்தம் செய்வதற்கே செலவிடுங்கள். அடுத்த தீபாவளிக்குச் சாய டப்பா வாங்கும் பணம் கையில் மிஞ்சும்.