மறை என்னும் சொல்

வேதத்திற்குத் தமிழில் வழங்கும் மறை என்னும் பெயர் வடசொல்லின் மொழிபெயர்ப்பு அன்று. வேதம் என்பது அறிதற் பொருளதாகிய 'வித்' என்னும் வேரினின்று பிறந்தது; மறை என்பதோ கரத்தற் பொருளது. ஒன்றையே வடமொழியார் அறிவு என்றும் தமிழர் மறைவு என்றும் பெயரிட்டமை நோக்கத்தக்கது. குறுந்தொகை (156) வேதக்கல்வியை 'எழுதாக் கற்பு' என்கின்றது. ஏட்டில் எழுதாது ஆசிரியன்வாய்க் கேட்டே பயின்றமையின் அது பிறர்க்குக் கரந்து நின்றது. ஆகவே, மறை என்பது புறத்தே நின்றார் இட்ட பெயராகலாம் என்பது எம் கருத்து.

கன்னடத்து 'மறெ', மலையாளத்து 'மற' ஆகியனவும் திரை, மறைவு என்னும் பொருளனவாதலின், கரத்தலே இச்சொல்லின் முதற்பொருள். வேதத்தைக் குறித்தல் அதன்வழி வந்த சிறப்புப்பொருள். எனினும் அதுவும் பழையதே. தொல்காப்பியப் பிறப்பியலில் மறை வேதமாகவும், செய்யுளியலின் 'மறைவெளிப்படுதல்' என்னும் தொடரில் களவொழுக்கமாகவும் நிற்கின்றது.

திருக்குறளின் வழக்கு வேறு. வேதத்தைச் சுட்டுமிடத்து வள்ளுவர் 'ஓத்து' (134), 'அந்தணர் நூல்' (543) என்பார். மறை என்பது தனித்து வருமிடத்து, ஒற்றாடலிற் காக்கும் மந்தணமும் (590), அரசனது மந்தணமும் (695), கயவர் கேட்டுப் பறையறையும் மந்தணமும் (1076) ஆகின்றது. இவ்விடங்களில் உரையாசிரியரிடையே பூசல் இல்லை.

பூசல் எழுவது 'அருமறை' பயின்ற 847-ஆம் குறளில். பரிமேலழகர் அதனைப் பெறுதற்கரிய உபதேசப் பொருள் என்பர். அதனை உட்கொள்ளாது போக்குதலே 'சோர்தல்' என்பது அவர் உரை. உள்ளத்து அடக்கற்பாலதனை வாய்சோர்ந்து உரைத்தல் எனப் பிறர் கொண்டதை, அது பேதைமையாவதன்றிப் புல்லறிவாண்மை ஆகாது என மறுத்தார். மறுப்பு நுட்பமானதே, ஆயினும் ஏற்றற்கு அரிது. அறிவிலார் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளுதல் இவ்வதிகாரத்தில் முன்னரே (843) கூறப்பட்டது. தன் மந்தணத்தைத் தானே வெளியிட்டுத் தனக்குத் துன்பம் தேடுவோன் அவ்வினத்தவனே. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையிலேயே இதற்கு முன்னிற்கும் 846-ஆம் குறளில் 'மறைத்தல்' என்னும் வினை கரத்தற் பொருளில் வந்துள்ளது. அவ்வினையை அடுத்து நிற்கும் பெயர்க்கு மட்டும் வேறு பொருள் தேடுதல் வேண்டா.