தங்கவயலில் ஒரு தேடல்

சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பில் ஏறிச் சோலையார்பேட்டை வழியே பெங்களூர் செல்வோர் பங்காரப்பேட்டையைக் கடந்திருப்பர். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலுக்குச் செல்கிறது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கத்தின் ஆழத்தில் துகள் இயற்பியலின் அரிய சோதனைகளும் நிகழ்ந்தன என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

சோதனைக்குச் சுரங்கம் எதற்கு? அண்டக்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் மியூவான்கள் நம்மீது ஓயாது பொழிகின்றன. விரித்த உள்ளங்கையை வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று ஊடுருவுகிறது. இவ்வடைமழையில் அரிய நிகழ்ச்சி ஒன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் மேலுள்ள பாறை இவற்றை அநேகமாக முற்றிலும் தடுத்துவிடுகிறது. தப்பி வருபவையும் மேலிருந்தே வரும். பக்கவாட்டில் ஒன்று வருமாயின், அத்தனை நெடும் பாறையை அது துளைத்திருக்க இயலாது. எதனையும் ஊடுருவும் நியூட்ரினோ ஒன்று அருகிலிருந்த பாறையில் மோதி அதனைப் பிறப்பித்திருக்க வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவை இவ்வாறே இனங்கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் கண்டனர்.

நம்மை மிகவும் ஈர்ப்பது அடுத்த சோதனையே. அணுக்கருவிலுள்ள புரோட்டான் அழியாதது எனக் கருதப்பட்டு வந்தது. அதுவும் சிதையக்கூடும் என்று 1970களில் ஜோகேஷ் பதியும் அப்துஸ் ஸலாமும் வாதிட்டனர். சில கணிப்புகளின்படி அதன் ஆயுள் ஒன்றின்பின் 31 சுழியமிட்ட ஆண்டுகள்! அண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே. அவ்வளவு காலம் காத்திருப்பவர் யார்? காத்திருக்க வேண்டியதில்லை. மனிதர் எழுபதாண்டு வாழினும், பெரிய ஊரில் ஜனாஸா இல்லாத நாள் அரிதன்றோ! தங்கவயலில் அடுக்கிய 140 டன் எடையுள்ள கருவியில் புரோட்டான்களும் நியூட்ரான்களுமாக எட்டின்பின் 31 சுழியமிட்ட அளவு துகள்கள் இருந்தன. கணிப்பு மெய்யாயின் ஆண்டுக்கு எட்டேனும் சிதைய வேண்டும்.

சிதைவாக இருக்கலாம் எனத்தக்க சில நிகழ்ச்சிகளை 1981இல் அக்குழு அறிவித்தது. அன்றே ஒருவர் விரைந்து, படைப்பனைத்தும் அழியும் என்னும் இறைவாக்கை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டதாக எழுதியிருப்பின் என்னவாகியிருக்கும்? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த மாபெரும் நீர்த்தொட்டிச் சோதனைகள் அந்நிகழ்ச்சிகளை உறுதிசெய்யவில்லை. 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் காமியோகாண்டேயும் இன்றுவரை ஒரு சிதைவையும் கண்டதாக நிறுவவில்லை. புரோட்டான் சிதையுமாயின், எதிர்பார்க்கப்படும் முதன்மையான வழியில் அதன் ஆயுள் ஒன்றின்பின் 34 சுழியமிட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்பதே அது தந்த விடை. விஞ்ஞானத்தின் தற்காலிக முடிவுகளை வேதத்திற்குச் சான்றாக்கும் அவசரம் நம் மேடைகளில் இன்றும் குறையவில்லை. 1979இல் நோபல் பரிசு விருந்துரையில் ஸலாம் அல்முல்க் அத்தியாயத்தின் வசனங்களை ஓதினார். அவை மீண்டும் மீண்டும் நோக்குமாறு பணிப்பவை. தம் கொள்கையை மெய்ப்பிப்பதற்காக அவர் அவற்றை ஓதவில்லை.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பின்னர் அவற்றின் ஆழங்களில் நீர் நிறைந்தது. புரோட்டானைத் தேடும் பணி ஜப்பானில் தொடர்கிறது.