மலிவு மதர்போர்டில் ஓவர்கிளொக்கிங் ஏன் இல்லை? காசு கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலயில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி. அம்பேவெலயைத் தாண்டி ஒஹியவுக்குப் போகும் வழியில், பனிமூட்டத்துக்குள் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். உயர்தரம் எழுதிவிட்டு, கல்யாண வீடுகளில் எடுக்கும் வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறான். தாய் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போய்ச் சேர்த்த சீட்டுக் காசில் ஒரு பாவித்த கணினியும் வாங்கியாகிவிட்டது.

"மாமா, ஓவர்கிளொக் பண்ணுனா வேகமா ஓடும்னு யூடியூப்ல காட்டுறாங்க. அந்த மெனு என்னோட கம்ப்யூட்டர்ல இல்லவே இல்ல. பயோஸ் அப்டேட் பண்ணுனா வந்துரும்னு கடையில சொல்றாங்க, அதுக்குத் தனியா காசு கேக்குறாங்க. குடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம் என்றேன். அவனுடைய மதர்போர்டின் பெயரைக் கேட்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. இதே கேள்வி கிளிநொச்சியிலிருந்தும் வருகிறது, மட்டக்களப்பிலிருந்தும் வருகிறது. பதிலை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

ஓவர்கிளொக்கிங் என்றால் என்ன?

கணினியின் புரொசஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. இன்டெல் கணினிகளில் அடிப்படைத் தாளம் 100 மெகாஹேர்ட்ஸ். அதை ஒரு பெருக்கியால் பெருக்கினால் புரொசஸரின் வேகம் கிடைக்கும். பெருக்கி 36 என்றால் வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ். நிறுவனம் நிர்ணயித்த இந்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதுதான் ஓவர்கிளொக்கிங். கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் பயோஸ் என்ற சிறு மென்பொருளில்தான் பொதுவாக இதைச் செய்வார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் நாங்கள். கையில் இருக்கும் பொருளிலிருந்து கூடுதலாக எதையாவது எடுக்க முடியுமா என்று பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. கணினியிலும் ஒரு காலத்தில் இது எல்லோருக்கும் திறந்திருந்தது. 1998இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான புரொசஸரை, அடிப்படைத் தாளத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, 300இல் ஓட வேண்டியதை 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினார்கள். மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை.

2011இல் இன்டெல் இந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. அந்த ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறை கோர் புரொசஸர்களில் கணினியின் பல பகுதிகள் ஒரே அடிப்படைத் தாளத்துடன் கட்டப்பட்டன. அதைச் சிறிது கூட்டினாலே மற்றப் பகுதிகள் தடுமாறும். பெருக்கியை விருப்பம்போல் கூட்டும் வசதி, பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்துள்ள விலை கூடிய புரொசஸர்களுக்கு மட்டும் என்றானது. அதற்கும் தகுந்த மதர்போர்ட் வேண்டும்.

பெயரில் இருக்கிறது பதில்

மதர்போர்டின் பெயரில் சிப்செட்டின் பெயரும் இருக்கும். முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள்.

இன்டெல் போர்டுகளில் எச் 61, எச் 81, எச் 110, எச் 310, எச் 410, எச் 510, எச் 610 ஆகியவை மலிவு வரிசை. இவற்றில் பொதுவாகப் புரொசஸரை ஓவர்கிளொக் செய்ய முடியாது. நடுத்தர விலையில் வரும் 'பி' வரிசையிலும் முடியாது. ஆனால் பி 560, பி 660, பி 760 போன்றவற்றில் ராமின் வேகத்தைக் கூட்டலாம். புரொசஸருக்கும் வழி திறப்பது 'இசட்' வரிசையில்தான். உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி பல்கலைக்கழக வாசலைத் திறப்பதுபோல இங்கேயும் இசட்தான்.

ஏ.எம்.டி. ரைசன் கணினிகளில் நிலைமை சற்று நல்லது. பெரும்பாலான ரைசன் புரொசஸர்களுக்குப் பூட்டு இல்லை. மலிவு வரிசையான ஏ 320, ஏ 520, ஏ 620 போர்டுகளில் புரொசஸரை ஓவர்கிளொக் செய்ய முடியாது. பி 350, பி 450, பி 550 போர்டுகளில் முடியும்.

இரண்டும் பொருந்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் ஒருவர் 'கே' புரொசஸர் அனுப்பினாலும், இங்கே எச் 410 போர்டில் போட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் ஓடும். இசட் போர்டில் 'கே' இல்லாத புரொசஸரைப் போட்டாலும் அதே கதைதான். அலுவலகங்கள் கழித்து, வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்குமதியாகும் பிராண்ட் கணினிகளின் பயோஸில் இப்படியான மெனு பொதுவாக இருப்பதே இல்லை.

அப்டேட் செய்தால் வராதா?

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அஸ்ரொக் உள்ளிட்ட சில நிறுவனங்கள், 'கே' இல்லாத ஆறாம் தலைமுறை இன்டெல் புரொசஸர்களையும் ஓவர்கிளொக் செய்யும் பயோஸை வெளியிட்டன. 2016 பெப்ரவரியில், அடுத்த அப்டேட்டில் அந்த வசதி நீக்கப்பட்டது. அதாவது புதிய அப்டேட் வசதியைக் கொண்டுவரவில்லை, இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனது.

இதற்கும் முன்னர், 2010இல், இன்டெல் வேறொரு பரிசோதனை செய்தது. பென்டியம் ஜி 6951 என்ற புரொசஸரை வாங்கியவர்கள் மேலும் 50 டொலருக்கு ஒரு அட்டை வாங்கி, அதிலுள்ள இலக்கத்தைக் கணினியில் பதிந்தால், ஏற்கனவே உள்ளே இருந்து முடக்கப்பட்டிருந்த பகுதிகள் விழித்துக்கொள்ளும். ரீலோட் அட்டைபோலத்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க இன்னொரு முறை காசா என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. திட்டம் சிறிது காலத்தில் கைவிடப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் ஒன்று தெரிகிறது. உங்கள் பயோஸில் அந்த மெனு இல்லாதது பெரும்பாலும் பழுதல்ல. எந்த விலைக்கு எந்த வசதி என்று நிறுவனம் எடுத்த வியாபார முடிவு. பழுதைத் திருத்துவதாகச் சொல்லிக் காசு கேட்பவர், ஒன்றில் விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தே கேட்பவர்.

பயோஸ் அப்டேட்டில் ஆபத்தும் இருக்கிறது. அது நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்ட் எழும்பாமல் போகலாம். பிறகு அதன் சிப்பைத் தனிக் கருவியால் மீண்டும் எழுத வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. காற்று பலமாக வீசினால் லைன் அறுந்து மின்சாரம் போகும் தோட்டப்புறங்களில் யூ.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

நீங்களே செய்து பார்க்கக்கூடியவை

முதலாவது, பெயரைக் கண்டுபிடியுங்கள். சி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் புரொசஸரின் முழுப் பெயரையும், மெயின்போர்ட் பக்கத்தில் போர்டின் பெயரையும் சிப்செட்டையும் காட்டும். பெட்டியைத் திறந்து பார்த்தால் போர்டின் மேலேயே பெயர் அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பெயரைப் பார்த்த பிறகு வசதி இருக்க வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் பயோஸில் தேடுங்கள். கணினியை இயக்கியவுடன் டெலிட் விசையைத் தட்டினால் பெரும்பாலான போர்டுகளில் பயோஸ் வரும். முதலில் தெரிவது சுருக்கப் பக்கமாக இருக்கலாம். விரிவான பக்கத்துக்குப் போக அசூஸ், எம்.எஸ்.ஐ. போர்டுகளில் எஃப் 7, கிகாபைட்டில் எஃப் 2, அஸ்ரொக்கில் எஃப் 6. "மெனு இல்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு இந்த ஒரு விசையோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ராமைப் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட ராம், எக்ஸ்.எம்.பி. என்ற தெரிவை இயக்காவிட்டால் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். இடம் கொடுக்கும் போர்டானால் அதை இயக்குங்கள். எச் 310, எச் 410 போர்டுகளில் ஐ 3, ஐ 5 புரொசஸருடன் ராம் 2666ஐத் தாண்டாது. அந்த போர்டுக்காக விலை கூடிய வேகமான ராம் வாங்குவது வீண்செலவு.

பூட்டு இருப்பதும் ஒரு வகையில் நல்லது

வேகத்தைக் கூட்டும்போது பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். புரொசஸர் இழுக்கும் மின்வலு, வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் பத்து வீதம் கூட்டினால் மின்வலுவும் சூடும் ஏறத்தாழ 33 வீதம் கூடும். மலிவு போர்டில் புரொசஸருக்கு மின்சாரத்தைச் சீர்செய்து கொடுக்கும் பகுதி சிறியது. பலவற்றில் அதன்மேல் சூட்டைக் கடத்தும் உலோகத் தகடுகூட இல்லை.

பட்டிப்பொல குளிரில் கணினி சூடாகாது என்று பையன் வாதாடினான். அதில் பாதி உண்மை இருக்கிறது. அறை குளிராக இருப்பது பெரிய உதவிதான். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகும் சூடு குறையும். பனிமூட்டத்தின் ஈரமும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்கில் களிபோலப் படியும். குளிர்ந்து கிடந்த கணினியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் இயக்கினால், உள்ளே நீர் துளிர்த்திருக்கவும் கூடும். ஒரு மணி நேரமாவது பொறுத்து இயக்குங்கள்.

காசை எங்கே போடுவது?

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2022இல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. கணினிப் பாகங்கள் எல்லாமே இறக்குமதிதான். கடையில் ஒரு இசட் போர்டின் விலையைக் கேட்டு, அதை ஒரு நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். அத்தனை நாள் உழைப்பைப் போட்டுக் கிடைப்பது பத்துப் பதினைந்து வீத வேகம் மட்டுமே.

செலவழிக்க முன் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து, கணினி திணறும் நேரத்தில் எது 100 வீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுங்கள். பழைய கணினியில் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தருவது வேறொன்றும் இல்லை. மெமரி நிறைந்திருந்தால் இன்னொரு ராம் போடுங்கள். ஒரே அளவான இரண்டு ராம்கள் சேர்ந்து வேலை செய்யும்போது தரவு போய்வரும் பாதை இரட்டிப்பாகும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் அது நன்றாகவே தெரியும். புரொசஸர்தான் 100 வீதம் என்றால், தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். சூட்டினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்ட புரொசஸர் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பையனின் கணினியில் டிஸ்க்தான் 100 வீதத்தில் நின்றது. பயோஸுக்காகக் கடையில் கேட்ட காசை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை யாராவது கணினி வாங்கப் போனால், காசை எண்ணிக் கொடுக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: புரொசஸரின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறது, மதர்போர்டின் சிப்செட் எந்த எழுத்தில் தொடங்குகிறது? பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காமல் திரும்பி வருவதில் நட்டம் ஒன்றுமில்லை.