ஒரே ஒரு சோப்புதானுங்க!

பள்ளிபாளையத்தில் மளிகைக் கடைக்குப் போகக் கூடாத வேளை ஒன்று உண்டு. வாரக் கூலி கைக்கு வந்த நாளின் சாயங்காலம். தறிப் பட்டறையில் கணக்கு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை முன்னால் நின்றுவிடுவார்கள். போன வாரப் பாக்கியைத் தீர்க்க வேண்டும், அடுத்த வாரத்துக்கு எண்ணெயும் துவரம்பருப்பும் வாங்க வேண்டும். தன் பெயரிலேயே ஒரு கோழி வறுவலை வைத்திருக்கிற ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு வரமிளகாயும் தேங்காயும் வேறு வேண்டும்.

அந்த நேரத்துக் கடையில் எரிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. நம் தோளுக்கு மேலாக ஒரு கை நீளும்: "ஏனுங்கண்ணா, ஒரே ஒரு சோப்புதானுங்க, குடுத்து உட்ருங்க, பால் அடுப்புல இருக்குது." இன்னொருவர் கால் மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, தன் முறை வந்த பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டுக் கடுகு இருக்கிறதா என்று கேட்பார். பில் போட்டு முடித்ததும், "அக்கா, அப்படியே கால் கிலோ ரவை" என்று மறுபடி ஆரம்பிப்பவர் உண்டு. காய்கறிக் கூடைப் பக்கம் வெண்டைக்காய் முனைகள் ஒடிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் 'நாகரிகம் தெரியாத சனம்' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் டென்மார்க் நாட்டுக்காரர். மளிகைக் கடைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அக்னர் கிராரூப் எர்லாங் என்ற கணித ஆசிரியர் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எத்தனை பேர் எந்த நொடியில் போன் செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது, அப்படியிருக்க இணைப்பகத்தில் எத்தனை தடங்கள் இருந்தால் போதும்? இதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. 1909இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே கிளம்பியது. தொலைபேசிப் போக்குவரத்தை இன்றும் 'எர்லாங்' என்ற அலகில்தான் அளக்கிறார்கள்.

அந்தக் கணக்கைப் பள்ளிபாளையத்துக் கடையில் பொருத்திப் பார்ப்போம். பொருள் எடுத்துக் கொடுக்க ஒரே ஆள். ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. வாடிக்கையாளர்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. ஒருவருக்கு அரை நிமிடம் போதும், இன்னொருவருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்காரருக்குப் பாதி நேரம்தான் வேலை என்றால், நாம் காத்திருக்க வேண்டிய சராசரி நேரம் 2 நிமிடம். 100 நிமிடத்தில் 80 நிமிடம் அவர் கை ஓயாமல் இருந்தால் காத்திருப்பு 8 நிமிடம். 90 நிமிடம் என்றால் 18. 95 நிமிடம் என்றால் 38!

வேலை கொஞ்சம்தான் கூடுகிறது, வரிசையோ பல மடங்கு நீள்கிறது. காரணம் எளிமையானது. கடை சும்மா இருக்கும் நிமிடங்களைச் சேமித்து வைத்துக் கூட்ட நேரத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. ஓய்வு நேரம் குறையக் குறைய, ஒருமுறை விழுந்த தாமதத்தை ஈடுகட்ட இடமே இல்லாமல் போகிறது.

இப்போது பணம் கொடுக்கும் நேரத்தில் சில்லறை தேடுகிற இன்னொருவரிடம் வருவோம். கடை 90 சதவீத வேலைப்பளுவில் ஓடும்போது ஒவ்வொருவரும் சராசரியாக 7 விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். பையைத் துழாவுவது, யுபிஐ கடவு எண்ணை மறந்து யோசிப்பது, பத்து ரூபாய் நாணயம் செல்லுமா செல்லாதா என்று தர்க்கம் செய்வது, ஏதோ ஒன்று. (செல்லும். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது.) அந்த 7 விநாடியால் சராசரிக் காத்திருப்பு 18 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்தைத் தாண்டிவிடும். இது கூட்டம் இதே வேகத்தில் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கிடைக்கும் விடை. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அவ்வளவு ஏறாதுதான். ஆனால் ஏறுகிற திசை அதுவே.

ஆகவே ஒரு செயல் தொல்லையா இல்லையா என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கிறது. செவ்வாய் மதியம் கடைக்காரரிடம் அவர் மகள் கல்யாணப் பேச்சை அரை மணி நேரம் பேசுங்கள், அவருக்கும் பொழுது போகும். கூலி நாளில் அதே பேச்சை ஒரு நிமிடம் பேசினால், பின்னால் நிற்கும் பன்னிரண்டு பேரிடமிருந்து மொத்தம் பன்னிரண்டு நிமிடம் பறித்துவிடுகிறீர்கள்.

சோப்புக்காரர் விவகாரம் இதைவிடச் சுவையானது. அவரை முன்னால் விடலாமா? மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு 10 நிமிடச் சாமான், அடுத்தவருக்கு 5 நிமிடம், கடைசியில் நிற்பவருக்கு ஒரு நிமிடச் சோப்பு. வந்த வரிசைப்படி போனால் இரண்டாமவர் 10 நிமிடமும் மூன்றாமவர் 15 நிமிடமும் நிற்பார்கள். மூவரின் சராசரி 8 நிமிடத்துக்கு மேல். தலைகீழாக்கிச் சோப்பை முதலில் கொடுத்தால் சராசரி இரண்டே கால் நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். சின்ன வேலையை முதலில் முடித்தால் மொத்தக் காத்திருப்பு குறையும் என்பது 1950களிலேயே நிறுவப்பட்ட விதி. பெரிய பேரங்காடிகளில் 'பத்துப் பொருளுக்குள்' என்று தனி கல்லா வைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதுவே.

ஆக, கணக்கு சோப்புக்காரர் பக்கம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு சோப்புக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஷாம்பு பாக்கெட் என்று வந்துகொண்டே இருந்தால், மாதச் சாமான் சீட்டோடு நிற்கும் அம்மா கடை மூடும் வரை நிற்க வேண்டியதுதான். அவருடைய நேரத்தை விட்டுக்கொடுக்கக் கடைக்காரருக்கே உரிமை கிடையாது என்பது என் கட்சி. கேட்க வேண்டியது கடைக்காரரிடம் அல்ல, வரிசையில் நிற்பவரிடம். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. முன்னால் நிற்பவரைத் தாண்டிக் கல்லாவைப் பார்த்துத்தான் கேட்கிறோம்.

வரிசையில் நிற்பவரிடம் கேட்டால் விடுவார்களா? நியூயார்க்கில் எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், "ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். "அவசரம்" என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம். "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்று ஒரு வெற்றுக் காரணத்தைச் சொன்னபோதும் 93 சதவீதம்! பால் அடுப்பில் இருக்கிறதோ இல்லையோ, அதைச் சொன்னால் வேலை நடக்கிறது. ஆனால் ஐந்து பக்கம் இருபது பக்கமானதும் கதை மாறியது. வெற்றுக் காரணத்துக்கு அப்போது 24 சதவீதம் பேர்தான் இணங்கினார்கள். காரணமே சொல்லாதவருக்குக் கிடைத்ததும் அதே 24. தன் பையிலிருந்து பெரிதாக ஏதோ போகப்போகிறது என்று தெரிந்ததும் மனிதர்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேட்காமலே நுழைபவரை என்ன செய்வது? ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய குழுவும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆட்களை இடையில் நுழையவிட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 1986இல் வெளியாயின. ஒருவர் மட்டும் நுழைந்தபோது ஏறக்குறையப் பாதி வரிசைகளில்தான் யாராவது வாய் திறந்தார்கள். இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்துக்கு ஒன்பது வரிசைகளில் எதிர்ப்பு வந்தது. கண்டித்தவர்கள் பெரும்பாலும் நுழைந்தவருக்குப் பின்னால் நின்றவர்கள். முன்னால் நிற்பவருக்கு நட்டமில்லை, அவர் ஏன் வாயைக் கொடுப்பார்? வரிசையின் நீதி மொத்தமும் நுழைந்தவருக்கு நேர் பின்னால் நிற்கிற ஒரே ஆளின் தலையில் விழுகிறது. அந்த ஆள் நம்மூரில் பெரும்பாலும் சங்கோசப்படுகிறவராக இருந்துவிடுகிறார்.

மூன்று கல்லா உள்ள கடையில் பக்கத்து வரிசை வேகமாக நகர்வதும் பிரமை அல்ல. மூன்று வரிசைகள் ஒரே மாதிரி ஓடினால் நம்முடையது முதலில் முடிய மூன்றில் ஒரு வாய்ப்புத்தான். மூன்று தடவையில் இரண்டு தடவை வேறு யாரோ முந்துவார்கள்.

இனி வெண்டைக்காய். முனையை ஒடித்துப் பார்ப்பதில் அறிவியல் இருக்கிறது. இளங்காயின் செல்களில் நீர் நிரம்பி, செல் சுவரை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த விறைப்பால் முனை 'டப்'பென்று ஒடிகிறது. முற்றிய காயில் நார்களில் லிக்னின் என்ற கட்டைப் பொருள் படிந்துவிடும், அதனால் அது வளையும். மரத்துக்கு உறுதி தருவதும் இதே லிக்னின்தான். பூ பூத்து ஒரு வாரம் தாண்டினால் நார் வேகமாக ஏறும்.

சோதனையில் ஒரு குறையும் இருக்கிறது. வெயிலில் கிடந்து நீர் வற்றிய இளங்காயும் ஒடியாமல் வளையும். அதை முற்றல் என்று தள்ளிவிடுகிறோம். ஒடிந்ததை எடுத்துக்கொண்டு போனால் யாருக்கும் நட்டமில்லை. கால் கிலோ வாங்க அரைக் கூடையைச் சோதிப்பதுதான் சிக்கல். வெண்டை மிக வேகமாகச் சுவாசிக்கிற காய்களில் ஒன்று, பறித்த பிறகும் தன் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும். காயம் பட்டால் சுவாசம் இன்னும் கூடும், வெட்டுவாய் வழியே நீர் போகும், நசுங்கிய செல்களிலிருந்து வெளிவரும் நொதிகள் காற்றோடு சேர்ந்து அந்த இடத்தைக் கறுப்பாக்கும். மறுநாள் காலை அந்தக் கூடையை யாரும் தொட மாட்டார்கள். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் அடுத்த கிலோவின் விலை ஏறுகிறது. விரல் நீளத்துக்கு மிகாமல், பளிச்சென்ற பச்சையாக இருக்கும் காயைக் கண்ணால் பார்த்து எடுத்தாலே பத்தில் ஒன்பது இளசாக அமையும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

தக்காளியை அமுக்குவது இன்னும் மோசம். பழுக்கும்போது செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைத்துக்கொண்டிருக்கும், அந்த நிலையில் கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே செல்கள் உடைந்துவிடும். வெளியே உடனே ஒன்றும் தெரியாது. காயம்பட்ட தக்காளி எத்திலீன் வாயுவைக் கூடுதலாக வெளிவிடும். தாவரங்களை ஆட்டுவிப்பது இந்த வாயுதான் என்று 1901இல் ரஷ்யாவின் டிமிட்ரி நெல்யுபோவ் கண்டுபிடித்தார். பழங்களே அதை உண்டாக்குகின்றன என்று 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். அமுக்கியவர் ஒரு பழத்தைத்தான் தொட்டார், பக்கத்துப் பழங்களும் சேர்ந்து கனிகின்றன. தேங்காயை மட்டும் தாராளமாக ஆட்டிப் பாருங்கள். முற்ற முற்ற உள்ளே நீர் குறைந்து காற்று சேர்வதால்தான் சலசலக்கிறது. ஆட்டுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

மறுபடி கூட்டத்துக்கு வருவோம். மனிதர்களைத் திருத்தாமலே வரிசையைச் சுருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ரேஷன் கடை வாசலில் ஆளுக்குப் பதில் பையும் கல்லும் வரிசையில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணமாக 1,000 ரூபாய் கொடுத்தபோது, குடும்ப அட்டைதாரர்களுக்கு நாளும் நேரமும் குறித்த டோக்கனை முன்கூட்டியே கொடுத்தார்கள். பொங்கல் பரிசுத் தொகுப்புக்கும் அதே டோக்கன் முறை வந்தது. கொடுக்கிற கை அதே கைதான். வருகையைப் பல நாட்களுக்குப் பிரித்துவிட்டதும் நெரிசல் இறங்கியது. அவசரம் இல்லாத சாமான் சீட்டை மதியமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாயங்காலம் மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் அதே வேலையைத் தனியாகச் செய்கின்றன.

கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கூலி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் மைத்துனரையோ மருமகனையோ இரண்டாவது ஆளாக நிறுத்துங்கள். ஆளுக்கொரு வரிசை வேண்டாம். ஒரே வரிசையை வைத்து, யார் கை காலியோ அவரிடம் அடுத்தவர் போகட்டும். அதே கூட்டம், அதே 2 நிமிட வேலை, ஒரே ஒரு ஆள்தான் கூடுதல். 18 நிமிடக் காத்திருப்பு ஒன்பதாகக் குறையும் என்றுதான் நினைக்கத் தோன்றும். எர்லாங் கணக்குப்படி குறைவது சுமார் 30 விநாடிக்கு.